நாலெழுத்துச் சொற்புதிர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2021 அக்டோபரில் ஜோஷ் வார்டில் என்பவர் 'வேர்டில்' என்ற ஆங்கிலச் சொற்புதிரைப் பொதுவில் வெளியிட்டார். 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் அதை வாங்கியது. அதே பாணியில் தமிழிலும் தினம் ஒரு சொல் விளையாட்டுகள் வந்துவிட்டன. கைப்பேசியிலும் ஆடுகிறார்கள், குடும்பக் குழுக்களிலும் ஆடுகிறார்கள், வெறும் தாளிலும் ஆடுகிறார்கள். புதிதாக வருகிறவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றே. ஆங்கிலத்துக்குச் சொன்ன உத்தியைத் தமிழில் போட்டுப் பார்த்து, நாலாவது வாய்ப்பில் திகைத்து நிற்பவர்கள் நிறையப் பேர். அவர்களுக்காகத் தொகுத்தது இது.

1. விளையாட்டு எப்படி? ஒரு தடவை தெளிவா சொல்லிடுங்க.

மறைந்திருப்பது நாலெழுத்துச் சொல் ஒன்று. அதைக் கண்டுபிடிக்க ஆறு வாய்ப்பு. ஒவ்வொரு முறையும் பொருளுள்ள ஒரு நாலெழுத்துச் சொல்லைப் போட வேண்டும். எழுத்தும் இடமும் சரியென்றால் பச்சை. எழுத்து விடையில் இருக்கிறது, ஆனால் வேறு கட்டத்தில் என்றால் மஞ்சள். விடையிலேயே இல்லையென்றால் சாம்பல். கட்டங்களின் எண்ணிக்கையும் வாய்ப்பின் எண்ணிக்கையும் வடிவத்துக்கு வடிவம் மாறும். இந்தப் பக்கம் முழுக்க நாலெழுத்து, ஆறு வாய்ப்பு என்ற கணக்கிலேயே பேசுகிறது.

2. எழுத்தை எப்படி எண்ணணும்? 'அம்மா' ரெண்டா மூணா?

மூன்று: அ, ம், மா. புள்ளி வைத்த மெய் தனி எழுத்து. உயிர்மெய் எத்தனை கொம்பு, கால் வாங்கினாலும் ஒரே எழுத்து. 'தொலைபேசி' எழுதும்போது நீளமாகத் தெரிந்தாலும் தொ, லை, பே, சி என்று நாலுதான். 'பேருந்து' நாலு. 'மகிழ்ச்சி' ஐந்து: ம, கி, ழ், ச், சி. அவசரத்தில் புள்ளியெழுத்தை விட்டுவிட்டு எண்ணுவதுதான் வழக்கமான தவறு.

ஒரே ஒரு இடத்தில் கண்ணே ஏமாற்றும். 'கௌரவம்' நாலெழுத்து: கௌ, ர, வ, ம். அதையே 'கெ' போட்டு, பக்கத்தில் தனி 'ள' அடித்தால் திரையில் அச்சு அசலாக அதுபோலவே தெரியும். ஆனால் அது ஐந்தெழுத்து. "சொல் பட்டியலில் இல்லை" என்று வந்தால் முதலில் இதைப் பாருங்கள். ஒகர எழுத்திலும் இப்படி ஒரு சிக்கல் உண்டு. 'கொ'வின் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் அடிக்கலாம், இரண்டு குறிகளாகவும் அடிக்கலாம். இரண்டும் ஒன்றே என்று சரியாக எழுதப்படாத மென்பொருளுக்குத் தெரியாது.

3. இங்கிலீஷ்ல முதல் வார்த்தையிலேயே உயிரெழுத்தை எல்லாம் போட்டுடுவோம். தமிழ்லயும் அப்படித்தானே?

இல்லை. இந்தப் பழக்கத்தை முதலில் விட வேண்டும். தமிழில் உயிரெழுத்து தனியாக நிற்பது சொல்லின் தொடக்கத்தில் மட்டும்தான். நடுவில் வருவது செய்யுளின் அளபெடையில். புதிருக்கு அது வராது. ஆக அ, ஆ, இ என்று எதைச் சோதித்தாலும் முதல் கட்டத்தைப் பற்றி மட்டுமே தெரியும். மற்ற கட்டங்களில் உயிரொலி உயிர்மெய்க்குள் ஒளிந்திருக்கிறது. 'கி' இருக்கும் இடத்தில் இ இருக்கிறது என்று விளையாட்டு சொல்லாது.

எண்ணிக்கையைப் பாருங்கள். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, மொத்தம் 247. 216-இல் ஒன்றைக் குருட்டாம்போக்கில் பிடிப்பது கடினம். 18-இல் ஒன்றைப் பிடிப்பது அப்படியல்ல.

4. அப்போ முதல்ல எதைத் தேடணும்?

புள்ளியை. எந்தக் கட்டத்தில் மெய் நிற்கிறது என்று தெரிந்தால் சொல்லின் எலும்புக்கூடு தெரிந்துவிடும். மெய்யெழுத்து சொல்லின் முதலில் வராது. இரண்டு மெய் அடுத்தடுத்து வருவது மிகச் சில இடங்களில்தான். ஆகவே நாலெழுத்துச் சொல்லுக்கு ஆறே வார்ப்புகள். புள்ளியே இல்லாதது 'விடுதலை'. கடைசியில் மட்டும் புள்ளி 'கவனம்'. மூன்றாவதில் மட்டும் புள்ளி 'விளக்கு'. இரண்டாவதில் மட்டும் புள்ளி 'கண்ணாடி'. இரண்டிலும் நாலிலும் புள்ளி 'பட்டம்'. இரண்டிலும் மூன்றிலும் புள்ளி 'வாழ்த்து'. இந்த ஆறு சொற்களையும் மனப்பாடமாக வைத்துக்கொண்டால் போதும், மற்ற எல்லாச் சொல்லும் இவற்றில் ஒன்றின் வார்ப்பில் அடங்கும்.

மெய்யைப் பிடிப்பதில் இன்னொரு லாபம்: அது தனக்கு அடுத்த எழுத்தையும் காட்டிக்கொடுக்கும். மூன்றாவது கட்டத்தில் 'ங்' பச்சையானால் நாலாவது ககர வரிசைதான், யோசிக்கவே வேண்டாம். ஒரு மெய்யில் இரண்டு கட்டம் திறக்கிறது. உயிர்மெய்யைப் பிடித்தால் இந்தச் சலுகை கிடையாது.

5. தொடக்கச் சொல்லுக்கு ஏதாவது ஒண்ணு சொல்லுங்களேன்.

பக்கம், மருந்து, கூட்டல். மூன்றையும் வரிசையாகப் போட்டால் ஒரெழுத்தும் திரும்ப வராமல் பன்னிரண்டு எழுத்துகள் சோதனையாகிவிடும். அவற்றில் க், ம், ந், ட், ல் என்று ஐந்து மெய்கள். தமிழ்ப் பெயர்ச்சொற்களில் கடைசியில் 'ம்' வருவது அவ்வளவு அதிகம் என்பதால், அதை முதல் வாய்ப்பிலேயே கேட்டுவிடுவது நல்லது. 'து' இன்னொரு நல்ல ஈறு.

மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு போட வேண்டியதில்லை. முதல் சொல்லில் ஒரு மஞ்சளோ பச்சையோ விழுந்தால் அதைப் பின்தொடருங்கள். ஒன்றுமே விழாவிட்டால்தான் அடுத்தது. 'அதிகாரம்', 'விடுதலை' மாதிரி அழகான சொற்கள் தொடக்கத்துக்கு உதவாது. முதலாவது ஐந்தெழுத்து, இரண்டாவதில் ஒரு மெய்கூட இல்லை.

6. நாலு கட்டமும் சாம்பல். இனி ஜெயிக்க முடியுமா?

தாராளமாக. 247 எழுத்துள்ள மொழியில் முதல் சொல் முழுக்கச் சாம்பலாவது சாதாரணம். இரண்டாவது சொல்லிலும் ஆகலாம். பதறி, முதல் சொல்லோடு ஒட்டிய ஒரு சொல்லைப் போட்டு வாய்ப்பை வீணாக்காமல், 5-ஆம் கேள்வியின் அடுத்த சொல்லுக்குப் போங்கள்.

7. 'க' சாம்பல்னு வந்துச்சு. கா, கி, கு எல்லாத்தையும் தள்ளிடலாமா?

கூடாது. இந்த ஒரு தவறால் தோற்கிறவர்கள்தான் அதிகம். க, கா, கி, கு, க் எல்லாம் விளையாட்டுக்கு வெவ்வேறு எழுத்துகள். விடை 'விளக்கு' என்று வையுங்கள். நீங்கள் 'பக்கம்' போட்டால் 'க' சாம்பலாகும், 'க்' மஞ்சளாகும். விடைக்குள் 'கு' உட்கார்ந்திருக்கிறது. 'க' சாம்பலானதால் அதற்கு ஒரு பாதிப்பும் இல்லை.

மெய்யொலி ஒன்றானால் தனி நிறம் காட்டும் வடிவங்களும் உண்டு. அதற்கு 16-ஆம் கேள்வி.

8. ஒரே எழுத்து ரெண்டு தடவை வந்தா நிறம் எப்படி விழும்?

விடை 'கவனம்'. நீங்கள் போட்டது 'கடகம்'. முதல் 'க' பச்சை, மூன்றாவது கட்டத்து 'க' சாம்பல். விடையில் ஒரு 'க'தான் இருக்கிறது, அதைப் பச்சை எடுத்துக்கொண்டுவிட்டது என்று பொருள். ஒரே எழுத்துக்குப் பச்சையும் சாம்பலும் சேர்ந்து வந்தால் குழம்ப வேண்டாம்: "இருக்கிறது, ஒன்றே ஒன்று." 'பட்டம்' போன்ற சொல்லில் ட், ட இரண்டும் வேறு வேறு எழுத்து, அங்கே இந்தச் சிக்கலே இல்லை.

9. முதல் கட்டத்துல எந்த எழுத்தெல்லாம் வரவே வராது?

நன்னூல் கணக்குப்படி சொல்லுக்கு முதலில் வருவது பன்னிரண்டு உயிரும், க, ச, த, ந, ப, ம, வ, ய, ஞ, ங என்ற பத்து வரிசைகளும். இவற்றில் க, ச, த, ந, ப, ம ஆறும் பன்னிரண்டு உயிரோடும் வரும். வகரம் எட்டோடு மட்டும். வு, வூ, வொ, வோ தொடங்காது. யகரத்தில் நமக்கு வேண்டியது யா, யு, யூ, யோ. ஞகரத்தில் பெரும்பாலும் ஞா (ஞானம், ஞாயிறு, ஞாலம்). ஙகரத்தை மறந்துவிடலாம்.

விலக்கு, இரவல் சொற்கள்: ரயில், லாபம், டப்பா. ர, ல, ட மூன்றும் இப்படி முதலில் வந்து பழகிவிட்டன. ஆனால் ழ, ள, ற, ண, ன ஐந்தும் இரவல் சொல்லிலும் தமிழ் எழுத்தில் முதலில் வராது. இந்த ஐந்தில் ஒன்று மஞ்சளானால் முதல் கட்டத்தை அப்போதே நீக்கிவிடுங்கள்.

10. கடைசிக் கட்டத்துக்கும் அப்படி ஏதாவது விதி இருக்கா?

இருக்கிறது, அது இன்னும் கூர்மையானது. வல்லின மெய்கள் (க், ச், ட், த், ப், ற்) தமிழ்ச் சொல்லின் கடைசியில் வராது. 'பஸ்', 'பேங்க்' போன்ற இரவல்களை விடுங்கள். ங் வராது. ஞ், ந், வ் ஆகியவற்றுக்கு நன்னூல் இடம் கொடுத்தாலும் இன்றைய வழக்கில் அப்படிச் சொல் இல்லை. மிஞ்சுவது ம், ன், ண், ர், ல், ள், ழ், ய் என்ற எட்டே மெய்கள்.

உயிர்மெய்யில் முடிந்தால் பெரும்பாலும் உகரம், இகரம், ஐகாரம், ஆகாரம்: கு, து, டு, பு, தி, டி, கை, லை, டா, லா என்று போகும். எகரம் ஏறிய எழுத்தில் சொல் முடியாது. ஒகரத்துக்கு 'நொ' என்ற ஒன்றுதான் இலக்கணத்தில் உண்டு. அகரத்தில் முடிபவை 'பல', 'சில', 'வந்த' போன்றவை, பெயர்ச்சொற்கள் அரிது. 'வி', 'டி', 'தை' என்று தேடுவதற்கு முன் 'கெ', 'தொ' என்று நேரத்தைச் செலவழிக்காதீர்கள்.

11. புள்ளி எழுத்துக்கு அடுத்து எது வரும்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

இந்த விளையாட்டின் உயிர்நாடி இதுதான். இலக்கணத்தில் மெய்ம்மயக்கம் என்று படித்தது இங்கே நேரடியாகப் பயன்படுகிறது. க், ச், த், ப் நாலும் தன் வரிசையை மட்டுமே அழைக்கும்: பக்கம், அச்சம், கருத்து, உப்பு. ட், ற் இரண்டும் தன் வரிசையோடு க, ச, ப வரிசைகளையும் ஏற்கும்: ஆட்கள், காட்சி, நட்பு, சொற்கள், பயிற்சி, கற்பு. ங் என்றால் ககரம். ஞ் என்றால் சகரம், சில வேளை ஞகரம். ந் என்றால் தகரம், சில வேளை நகரம். ம் என்றால் பகரம் அல்லது மகரம்.

ண், ன் இரண்டும் கொஞ்சம் தாராளம். ண் முதலில் டகரத்தையும் ணகரத்தையும் தேடும். பிறகு பண்பு, உண்மை போன்றவை. ன் முதலில் றகரத்தையும் னகரத்தையும் தேடும். பிறகு அன்பு, தன்மை. ல், ள் இரண்டும் தம்மை இரட்டிக்கும், வகரத்தையும் ஏற்கும்: கல்வி, கேள்வி. ய், ர், ழ் மூன்றும் பல வரிசைகளோடு சேரும். அதோடு, தனக்குப் பின் இன்னொரு மெய்யையும் நிற்க விடுவது இந்த மூன்றுதான்: வாய்ப்பு, தீர்ப்பு, வாழ்த்து. 4-ஆம் கேள்வியின் ஆறாவது வார்ப்பு இதிலிருந்து வருவது. அதனால் இரண்டாவது கட்டத்தில் 'ட்' பச்சை என்றால் மூன்றாவதில் புள்ளி வராது. 'ர்' பச்சை என்றால் வரலாம்.

வடசொற்கள் இந்த வேலியைத் தாண்டும்: சக்தி, சப்தம். விடைப்பட்டியல் அகராதியிலிருந்து எடுத்ததாக இருந்தால் இவையும் வரலாம். முதலில் தமிழ் மயக்கத்தைச் சோதியுங்கள், அது தீர்ந்தபின் இவற்றுக்கு வாருங்கள்.

12. மஞ்சள் விழுந்த மெய்யை எங்கே நகர்த்தறது?

தேடும் இடமே குறைவு. இரண்டாவது கட்டத்தில் ஒரு வல்லின மெய் மஞ்சளானால், முதலில் வராது, கடைசியிலும் வராது, மூன்றாவது கட்டம்தான். அது பச்சைக்குச் சமம். அதற்கு அடுத்த எழுத்தின் வரிசையும் 11-ஆம் பதில்படி தெரிந்துவிடும்.

கடைசிக் கட்டத்தில் 'ம்' மஞ்சளானால் அது இரண்டிலோ மூன்றிலோ இருக்கிறது, பின்னால் பகரமோ மகரமோ நிற்கிறது. பெரும்பாலும் 'ம்பு' குடும்பம்: எலும்பு, எறும்பு, நரம்பு, கரும்பு, இரும்பு, குழம்பு, தழும்பு, சிலம்பு, உடம்பு. இல்லாவிட்டால் 'தம்பதி' வகை. 'ம்' கடைசியில் இல்லை என்றதும் சோர்ந்து போகிறவர்கள் இந்தக் குடும்பத்தை மறந்துவிடுகிறார்கள்.

13. ல, ள, ழ, ர, ற, ன, ண, ந. எது எதுன்னு தடுமாறுது. புதிர்ல இதுக்கு வழி?

காதை நம்பாமல் இடத்தைப் பாருங்கள். சொல் முதலில் நகரம்தான். தகரத்துக்கு முன் ந், டகரத்துக்கு முன் ண், றகரத்துக்கு முன் ன். கடைசியில் ந் வராது, ற் வராது. ஆகவே கடைசி ரகர ஒலி 'ர்'தான். இரட்டித்து வந்தால் ற்ற. ர்ர தமிழில் இல்லை. ழ்ழ-வும் இல்லை, ல்ல அல்லது ள்ள-தான்.

அதிகம் பேர் கவனிக்காத விதி ஒன்று: தனிக்குறிலை அடுத்து ர், ழ் வராது. இரண்டாவது கட்டத்தில் 'ர்' அல்லது 'ழ்' பச்சையானால் முதல் எழுத்து நெடில் என்று முடிவு கட்டலாம்: சேர்க்கை, மார்கழி, வாழ்க்கை. குறில் வந்தால் அது இரவல் சொல்: தர்மம், மர்மம், கர்வம். தர்மத்தைத் தமிழ் 'தருமம்' என்று வாங்கிக்கொண்டதும் இந்த விதியால்தான். இரண்டும் நாலெழுத்து என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்; ஒன்று ஒத்துவராவிட்டால் மற்றதைப் பார்க்கலாம்.

14. மூணு கட்டம் பச்சை, ஒண்ணு மட்டும் மாட்டேங்குது. வாய்ப்பு எல்லாம் அதுலயே போயிடுது.

ட்டம் பொறி. வட்டம், சட்டம், கட்டம், மட்டம், திட்டம், கூட்டம், தோட்டம், ஆட்டம், ஓட்டம், நாட்டம், வாட்டம், ஊட்டம், மூட்டம்… மூன்று பச்சை இருந்தும் ஒவ்வொன்றாகப் போட்டால் தோல்விதான். க்கம் பொறியும் அப்படியே: ஏக்கம், தாக்கம், நோக்கம், தூக்கம், ஊக்கம், வீக்கம், நீக்கம். ங்கள் பொறி சிறியது: நீங்கள், நாங்கள், தாங்கள், உங்கள், எங்கள், திங்கள்.

விடையாக முடியாது என்று தெரிந்தே ஒரு சொல்லைப் போடுவதுதான் வெளியே வரும் வழி. ட்டம் பொறிக்குக் 'கவசம்' போடுங்கள். 'க' பச்சையானால் கட்டம். 'வ' மஞ்சளானால் வட்டம். 'ச' மஞ்சளானால் சட்டம். மூன்றும் சாம்பலானால் மூன்று சொற்கள் ஒரே வாய்ப்பில் கழிந்தன. ஆட்டம், ஓட்டம், ஊட்டம் ஆகியவற்றை மட்டும் இப்படிச் சேர்த்துக் கழிக்க முடியாது. உயிரெழுத்து முதல் கட்டத்தில் மட்டுமே வரும் என்பதால் (3-ஆம் கேள்வி) அவற்றை ஒவ்வொன்றாகத்தான் கேட்க வேண்டும்.

15. தொடக்கத்துல இருந்து முடிவு வரைக்கும் ஒரு ஆட்டத்தை ஆடிக் காட்டுங்க.

முதல் சொல் 'பக்கம்'. ப சாம்பல், க் மஞ்சள், க சாம்பல், ம் சாம்பல். 12-ஆம் பதில்படி 'க்' மூன்றாவது கட்டத்துக்குப் போகிறது, நாலாவது ககர வரிசை. 'க' சாம்பல் என்பதால் மிஞ்சுவது முக்கியமாகக் கு, கை. உடனே நினைவுக்கு வருபவை: விளக்கு, வழக்கு, கிழக்கு, வடக்கு, சரக்கு, முறுக்கு, உருக்கு, செருக்கு, அழுக்கு, இருக்கை, அறிக்கை, கோரிக்கை, வேடிக்கை, வாடிக்கை. 'கணக்கு' இல்லை, அதில் 'க' இருக்கிறது. 'படுக்கை' இல்லை, ப போய்விட்டது.

இரண்டாவது 'வழக்கு'. கு சாம்பலானால் கைக் குடும்பம் மட்டும். கு-வும் ழ-வும் பச்சையானால் கிழக்கு. கு-வும் வ-வும் பச்சையானால் வடக்கு. இங்கே கு, க் மட்டும் பச்சை என்று வைப்போம். விளக்கு, சரக்கு, முறுக்கு, உருக்கு, செருக்கு, அழுக்கு என்று ஆறு மிச்சம். 'ழ' சாம்பலானதால் அழுக்கைத் தூக்கிவிடக் கூடாது; அதில் இருப்பது 'ழு'. மூன்றாவது 'உருக்கு'. உ சாம்பல், ரு சாம்பல். உருக்கும் செருக்கும் போயின.

நாலு சொல் மிச்சம், மூன்று வாய்ப்பு மிச்சம். இந்த இடத்தில்தான் பொறுமை வேண்டும். ஒவ்வொன்றாகப் போட்டால் ஒன்று தப்பிவிடலாம். நாலாவதாகச் 'சரளம்' போடுங்கள். ச, ர பச்சையானால் சரக்கு. ள மஞ்சளானால் விளக்கு. எதுவும் இல்லையென்றால் முறுக்கு, அழுக்கு இரண்டும்தான். ஐந்தாவதிலும் ஆறாவதிலும் போட்டுவிடலாம். பட்டியல் சரியாக இருந்தால் தோற்க வழியில்லை.

16. சில விளையாட்டுல 'மெய் சரி, உயிர் தப்பு'ன்னு வேற நிறம் வருதே. அப்பவும் இதே உத்தியா?

அங்கே கணக்கு மாறும். 'க' போட்டு விடையில் 'கு' இருந்தால் அரைக்குறிப்பு கிடைக்கும் என்பதால், முதல் இரண்டு சொற்களில் எத்தனை மெய்வரிசைகளைத் தொட முடியுமோ அத்தனையைத் தொடுங்கள். 'பக்கம்' இங்கே வீண், அதில் ககரம் இரண்டு முறை. 'மனிதர்' நல்லது: ம, ன, த, ர. அடுத்து 'கவிழ்', 'பகடை' மாதிரி மூன்றெழுத்துக்குப் போகாமல், 'வளாகம்' என்று நாலெழுத்தாகவே தேடுங்கள்.

வரிசை தெரிந்தபின் உயிரைத் தேடும்போது கடைசிக் கட்டத்துக்கு 10-ஆம் பதிலின் உகரம், இகரம், ஐகாரம் என்ற ஒழுங்கைப் பின்பற்றுங்கள். நடுக்கட்டத்தில் அகரம், இகரம், உகரம் மூன்றையும் முதலில் பாருங்கள். எகரமும் ஒகரமும் பெரும்பாலும் முதல் கட்டத்தோடு நின்றுவிடும். நடுவில் வந்தால் அது கூட்டுச்சொல்லாகவோ இரவலாகவோ இருக்கும்.

17. கடின முறையில ஆடறேன். கிடைச்ச குறிப்பை விட்டுட்டு வேற சொல் போட முடியாது. கவசம், சரளம் எல்லாம் அங்கே செல்லாதே?

செல்லாது. அதனால் பொறிக்குள் போகாமல் இருப்பதே வழி. 'பக்கம்', 'பட்டம்' இரண்டும் அங்கே ஆபத்தான தொடக்கம். மூன்று பச்சை விழுந்துவிட்டால் 14-ஆம் கேள்வியின் பட்டியல் முழுவதையும் ஒவ்வொன்றாக ஓட்ட வேண்டியிருக்கும். 'மருந்து' என்று தொடங்குங்கள். அதன் பின்மூன்றும் பச்சையானாலும் விருந்து, பேருந்து என்று சில சொற்களே. பொறியில் விழுந்தேவிட்டால், வழக்கில் அதிகம் புழங்கும் சொல்லை முதலில் போடுங்கள்: 'மூட்ட'த்துக்கு முன் 'கூட்டம்'.

18. விடையில பன்மை, வினைமுற்று எல்லாம் வருமா?

விடைப்பட்டியல் பெரும்பாலும் அகராதியின் தலைச்சொற்கள்தான், பெயர்ச்சொல்லே அதிகம். ஆனால் ஊகத்துக்குப் 'பூக்கள்', 'வந்தான்' போன்றவற்றை உங்கள் விளையாட்டு ஏற்கிறதா என்று ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஏற்றால் எழுத்தைச் சோதிக்கச் சொல்லுக்குப் பஞ்சமே இருக்காது.

19. சொல் நினைவுக்கே வரமாட்டேங்குது. பயிற்சி எப்படி?

எதுகை பிடித்துப் பழகுங்கள். முதல் எழுத்தை விட்டுவிட்டு, இரண்டாம் எழுத்து ஒன்றாக வரும் சொற்களை அடுக்குவது நம் புலவர்களின் பழைய பயிற்சி. வீரமாமுனிவர் 1732-இல் தொகுத்த சதுரகராதியின் நாலு பகுதிகளில் 'தொடை' என்பது இந்த எதுகைக்காகவே அமைந்தது. தினம் ஒரு வால் எடுத்துக்கொள்ளுங்கள்: இன்று 'ற்றம்', நாளை 'ந்து', மறுநாள் 'ம்பு'. பத்து சொல் எழுதிப் பாருங்கள். குற்றம், சுற்றம், தோற்றம், ஏற்றம், மாற்றம், நாற்றம், சீற்றம், ஊற்றம்… கட்டம் பாதி நிரம்பியிருக்கும்போது கைகொடுப்பது இப்படி வாலால் அடுக்கிய பட்டியல்தான். அகரவரிசையில் தெரிந்த சொற்கள் அப்போது வாய்க்கு வராது.

20. குடும்பக் குழுவுல நானே தினம் ஒரு சொல் வைக்கலாம்னு இருக்கேன். எதைக் கவனிக்கணும்?

இரண்டு விதமாக எழுதப்படும் சொல்லை வைக்காதீர்கள்: கருப்பு/கறுப்பு, பவளம்/பவழம், உளுந்து/உழுந்து. கண்டுபிடித்தவரே தோற்றதாக ஆகிவிடும், சண்டை வரும். 2-ஆம் கேள்வியில் சொன்ன ஔகாரச் சொற்களையும் தவிர்த்துவிடுங்கள்.

நிறம் போடும்போது முதலில் பச்சைகளை மட்டும் குறியுங்கள். விடையில் அந்த எழுத்துகளை அடித்துவிட்டு, மிஞ்சியவற்றுக்கு மட்டும் மஞ்சள் பாருங்கள். இடமிருந்து வலமாக ஒரே ஓட்டத்தில் போட்டால் 8-ஆம் கேள்வியில் சொன்ன இரட்டை எழுத்தில் தவறு வரும். பெரியவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் சேர்ந்து ஆடுகிற குழு என்றால் ஆறுக்குப் பதில் எட்டு வாய்ப்பு கொடுங்கள். ட்டம், க்கம் சொற்களை வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் வைக்க வேண்டாம்.